கூட வந்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோகனூருக்கு வரும் முதல் பேருந்தில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கறி எடுக்க வருகிறவர்கள். மீதிப் பேர் என் வீட்டுக்கு வருகிறவர்கள். பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம். கறிக்கடைக்குப் போகிறவர்களுக்கு நடையில் ஒரு வேகம் இருக்கும். என்னிடம் வருகிறவர்கள் மெதுவாக, வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வருவார்கள். கண்ணில் மஞ்சள் பூத்திருக்கும்.

டாக்டரம்மா, நீங்கள் என்னைச் சேலம் வரைக்கும் வரவழைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். வெங்கடாசலத்தைச் சொன்ன நேரத்தில் ஏன் திரும்பக் கூட்டி வரவில்லை என்று. நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். வெளியே உங்களுக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள். எனக்கும் ஆட்கள் காத்திருப்பதுண்டு என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியும். கூடிய மட்டும் சுருக்கியே சொல்கிறேன்.

போன வருஷம் அவனோடு வந்தபோது, நான் யார் என்று கேட்டதற்கு நண்பன் என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் அவனுக்குக் காமாலை மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவனும் நான்தான். அதை அன்றைக்கு நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பேர் அன்பரசு. சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டியில் வரும் கரும்பைப் பிழிந்து, சாற்றில் எவ்வளவு சர்க்கரை தேறும் என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே வேலை. பார்ப்பது நான், கையெழுத்துப் போடுவது கெமிஸ்ட். கெமிஸ்டுகள் வருவார்கள், போவார்கள். ஒவ்வொருவரும் முந்தியவரைவிடச் சின்னப் பையனாக இருப்பார்கள். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இருந்ததில்லை. இருந்தது என்று என் வீட்டுக்காரி சொல்வாள், அவள் பேச்சை விடுங்கள்.

மருந்து என் மாமனார் வழியில் வந்தது. அவர் தம்மம்பட்டிக்காரர். ஆண் பிள்ளை இல்லாததால் மருமகனான எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மலையைக் குடைந்து எடுத்த ரகசியம் ஒன்றுமில்லை. கீழாநெல்லி, அதோடு இன்னும் இரண்டு இலை, அரைத்து வெள்ளாட்டுப் பாலில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். மூன்று வேளை. உப்பு, புளி, எண்ணெய் ஆகாது. கொடுக்கிறவன் கை நீட்டிக் காசு வாங்கக் கூடாது. குடித்தவர்கள் ‘வாரேன்’ என்று சொல்லிக்கொள்ளாமல் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். சொன்னால் நோயும் கூடவே திரும்பி வரும் என்பார்கள்.

நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. சாதாரணக் காமாலை, வாயைக் கட்டி ஓய்வாக இருந்தாலே தானாக இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் பாதி. மீதிப் பாதிக்கு மருந்து உதவுகிறது என்று நம்பினேன். நம்புகிறேன் என்று சொல்ல வேண்டுமா, நம்பினேன் என்று சொல்ல வேண்டுமா என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெங்கடாசலம் எனக்குப் பழக்கமானதே சண்டையில்தான். அவன் கரும்பில் சர்க்கரை குறைவு என்று நான் சொன்னதற்காக, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டான். நான் அவன் எதிரிலேயே மறுபடி பார்த்துக் காட்டினேன். அதே அளவுதான் வந்தது. “செரி, நீ பொய் சொல்ற ஆளில்ல” என்று சொல்லிவிட்டு, போகும்போது என்னை டீ குடிக்கக் கூப்பிட்டான். அதற்குப் பிறகு அவன் வீட்டில் நான் சாப்பிடாத பொங்கல் இல்லை. அவன் மனைவி வசந்தாமணி என்னை வாய் நிறைய அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

அவனுக்கு முதல் தடவை காமாலை வந்தது ஆடிப்பெருக்குக்குப் பிறகு. மூன்று வேளை மருந்தில் கண் வெளுத்துவிட்டது. நண்பனாயிற்றே, அந்த முறையெல்லாம் அவனுக்கு விளையாட்டு. ‘வாரேன் அன்பு’ என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனான். தீபாவளி முடிந்ததும் காமாலையும் வந்தது. வாசலில் இருந்தவர்கள் அவன் வாயைத்தான் குற்றம் சொன்னார்கள். மறுபடி கொடுத்தேன், மறுபடி இறங்கியது. இரண்டு தடவை வந்தும் அன்பரசு மருந்தில் இறங்கிவிட்டது என்று கரூர் வரைக்கும் பேச்சுப் போனது. கூட்டம் கூடியது. மூன்றாம் தடவை காமாலையோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்து அவன் உடம்பு தூக்கிப் போட்டது. வசந்தாமணி பயந்துபோய் ஆஸ்பத்திரி என்றாள். படித்தவன், நாலு இடம் தெரிந்தவன் என்று கூட வர என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு அவன் வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை வழித்து எடுத்தீர்கள். காய்ச்சல் விட்டது. வெளியே வந்து, “கூட வந்தவங்க யாரு?” என்று கேட்டீர்கள். வசந்தாமணி என்னை முன்னால் தள்ளிவிட்டாள். உள்ளே கூப்பிட்டு, திரையில் காட்டி விளக்கினீர்கள். ஈரலின் இடது பக்கத்துப் பித்த நாளம் விரல் பருமனுக்கு வீங்கிக் கிடந்தது. உள்ளே கொழகொழவென்று, காய்ச்சி ஆற வைத்த ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஒன்று.

நீங்கள் நன்றாகவே சொன்னீர்கள், டாக்டரம்மா. எங்கள் கெமிஸ்டுகளில் யாரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நாளத்தின் உள்சுவரில் கட்டி முளைத்திருக்கிறது, அது ஓயாமல் சளியைச் சுரக்கிறது, கணையத்துக் குழாயிலும் இதே இனத்துக் கட்டி வருவதுண்டு என்றீர்கள். சளி திரண்டு அடைத்துக்கொண்டால் காமாலை ஏறும். அதுவே நழுவிக் குடலுக்குள் போய்விட்டால் யாரும் எதுவும் செய்யாமலே காமாலை இறங்கும். சதை எடுத்துப் பார்த்த வரையில் இன்னும் புற்றாக மாறவில்லை, ஈரலின் அந்தப் பக்கத்தைக் கட்டியோடு எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், விட்டால் நிச்சயம் மாறும் என்றீர்கள். ஒரு மாதத்துக்குள் சேர்க்கச் சொன்னீர்கள்.

அவனிடம் நீங்கள் சொல்லவில்லை. பயந்துவிடுவார், நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லிக் கூட்டி வாருங்கள் என்று என்னிடம் ஒப்படைத்தீர்கள். நம் பக்கத்து வழக்கம் அதுதான், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நோய் அவனுடையது, சேதி என் கையில் இருந்தது. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் இன்னொன்றும் சொன்னீர்கள், உங்களுக்கு நினைவிருக்காது. காமாலைக்கு நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டு, நான் தலையாட்டியதும், “அந்த ஆள் மேல தப்பு சொல்ல முடியாது. அவருக்கு என்ன தெரியும், பாவம்” என்றீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் வந்திருக்காது. மோசடிக்காரன் என்று சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் மகள் வயது உங்களுக்கு. அந்தப் ‘பாவம்’ பேருந்தில் என்னோடு நாமக்கல் வரைக்கும் வந்தது, அங்கிருந்து மோகனூருக்கும் வந்தது. ஆனால் நடந்ததற்கெல்லாம் அந்தக் கோபம்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். கோபத்தில் காரியம் செய்கிறவன் நான் இல்லை.

அவன் வீட்டில் கேட்டார்கள். பித்தக் குழாயில் சளி அடைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள் என்று சொன்னேன். கட்டி என்று சொல்லவில்லை. சளியைத் திரையில் என் கண்ணால் பார்த்தேன், கட்டியை நீங்கள் சொல்லித்தான் கேட்டேன். பார்த்ததை மட்டும் சொல்வது என் பழக்கம். வெங்கடாசலம் கட்டிலில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

“சளிக்கு யாராச்சும் வயித்தைக் கிழிப்பாங்களாப்பா? மொளகு ரசம் வெச்சுக் குடிச்சாப் போச்சு.”

வசந்தாமணி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மாதம் முடிவதற்குள் நான்காம் தடவையாகக் கண்ணில் மஞ்சள் தட்டியது. வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படச் சொல்லியும் கேட்காமல் அவன் என்னிடம் வந்தான். அன்று காலையில் இலை அரைக்க அம்மியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யாரும் எதுவும் செய்யாமலே இறங்கும் என்றீர்கள் அல்லவா. சொன்னதை வைத்து நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும், பார்த்துவிடலாமே என்று தோன்றியது. மற்றவர்களுக்கெல்லாம் கீழாநெல்லி. அவனுக்கு மட்டும், அன்றைக்குக் கடைய வாங்கி வைத்திருந்த அரைக்கீரையை அரைத்துப் பாலில் கலக்கினேன். கசப்புக்குக் கொஞ்சம் பாகல் இலை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான். எப்போதும் அப்படித்தான் குடிப்பான்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் கண் வெளுத்துவிட்டது. நீங்கள் சொன்னதுதான் சரி. அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று. உங்களுக்கு அது படிப்பு. நான் அதைச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யார் செய்திருப்பார்கள்?

தெரிந்த பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லத்தான் இருந்தேன். அந்த ஞாயிறு வாசலில் கால் வைக்க இடமில்லை. பரமத்தி, வேலூர், காட்டுப்புத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். வெங்கடாசலம் வெளுத்த வேட்டியும் வெளுத்த கண்ணுமாகக் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டான்.

“ஏப்பா அன்பு, ஊட்டுல ஆப்ரேசனுக்குப் போகோணும்னு உசுர எடுக்கறா. நீ சொல்லு. நீ போகச் சொன்னா நாளைக்கே போறேன். வேண்டாம்னா வேண்டாம்.”

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். போ என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு எழுத்தைச் சொல்லியிருந்தால் அவன் போயிருப்பான். அது எனக்குத் தெரியும், அவன் அப்படிப்பட்டவன். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, “கண்ணு வெளுத்துப் போச்சே, பாக்கலையா?” என்றேன். அவ்வளவுதான். கூட்டம் தலையை ஆட்டியது. கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண், குழந்தையை என் காலடியில் கிடத்தி, “சாமி, நீங்கதான் பாத்துக்கோணும்” என்றாள்.

இரண்டு நாள் கழித்து வசந்தாமணி தனியாக வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஏனுங்ணா, அந்த டாக்டரம்மா வேற ஏதாச்சும் சொன்னாங்ளா? உங்ககிட்ட மட்டும் தனியா?”

“சொல்லியிருந்தா உன்கிட்டச் சொல்லாம இருப்பனா அம்மிணி?”

அவள் அழுதுவிட்டாள், நிம்மதியில். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். இந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. அது பொய் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் எதையும் மறைக்கவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவனுக்கு நான் அரைக்கீரையைத் தவிர வேறு கொடுக்கவில்லை. ஒருமுறை இறங்கியது தற்செயலாக இருக்கலாம் அல்லவா. ஒவ்வொரு தடவையும் ஏறும், ஒவ்வொரு தடவையும் இறங்கும். இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே வந்தது. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. ராத்திரியெல்லாம் அரிப்பு, சொறிந்து சொறிந்து தோல் பிய்ந்துவிட்டது என்று காட்டினான். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன் வரப்பிலேயே படுத்துவிட்டான் என்றார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாரா வாரம் பார்த்தேன். கண், நாக்கு, நகக்கண் எல்லாம் பார்த்தேன். என்னைவிட அக்கறையாக அவனை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு தடவை மஞ்சள் ஏறி, இறங்காமலே நின்றுவிட்டது. அப்போது நான் அரைக்கீரையை நிறுத்திவிட்டு, தம்மம்பட்டிக்கே போய்ப் பறித்துக்கொண்டு வந்த அசல் இலையை அரைத்துக் கொடுத்தேன். பழைய நட்புக்காகக் கொடுத்தேன் என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். உண்மை என்னவென்றால் அதையும் பார்த்துவிட வேண்டியிருந்தது. இறங்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்பது அதோடு உறுதியானது.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வசந்தாமணி தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு அவனை இங்கே தூக்கி வந்தாள். நீங்கள் பார்த்துவிட்டு, புற்று ஈரல் முழுவதும் பரவிவிட்டது, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்றீர்கள். மறுநாள் நான் வந்தபோது நீங்கள் என்னைப் பார்த்த பார்வையைக் கவனித்தேன். இந்தக் கேள்வி அப்போதே உங்களிடம் இருந்தது. கேட்டிருக்கலாம்.

அன்றைக்கு அவனைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். முகம் மஞ்சளைத் தாண்டி ஒருவிதப் பச்சையாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடியில் பலம் இல்லை.

“முன்னாடியே வந்திருந்தா பொழச்சிருப்பனா அன்பு?”

“வந்திருந்தாலும் இதேதானாம்ப்பா. டாக்டரம்மாவே சொன்னாங்க.”

“அப்பச் செரி” என்று கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, “நீ இருக்கப்போயி இத்தன நாள் இருந்தேன்” என்றான். நான் அழுதேன். வராந்தாவுக்கு வந்து, யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். உங்கள் பேரைச் சொல்லிப் பொய் சொன்னது தவறுதான், மன்னிக்க வேண்டும். சாகிறவனுக்கு ஆறுதல் வேண்டும் அல்லவா. அவன் கரும்பு வெட்டுக்கு வந்த சமயத்தில் அவனை எடுத்தார்கள். சுடுகாடு வரைக்கும் போனேன்.

கூட்டம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அன்பரசு மருந்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் வெங்கடாசலம் போய்ச்சேர்ந்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வசந்தாமணி மட்டும் இப்போது என்னோடு பேசுவதில்லை. நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்களோ தெரியாது. தெருவில் எதிரே வந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிடுகிறாள். அது எனக்கு வருத்தம்தான். அந்த வீட்டுச் சாப்பாடு எனக்குப் பிடிக்கும்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது. சரி என்றும் தெரிந்தது. தெரிந்தும் நான் அவனைக் கூட்டி வரவில்லை. அவனாக வருகிறேன் என்றபோதும் வரவிடவில்லை. மறைக்க ஒன்றுமில்லை, எழுதிக் கேட்டாலும் எழுதித் தருவேன்.

இதை உங்களிடம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தை பிறந்ததிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருக்கிறாள். சின்ன வயது, இடுப்பில் ஒரு குழந்தை. காமாலை ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்கு ஓடும் வலி என்கிறாள், வாரத்துக்கு வாரம் இளைக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். நான் இரண்டாவது தடவையே கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் திரையில் பார்த்த அந்தக் கஞ்சி என் கண்முன்னால் வந்து நின்றது. அவளுக்கும் அரைக்கீரைதான் கொடுக்கிறேன். இதுவரை எல்லாம் அவனுக்கு நடந்த மாதிரியே நடக்கிறது.

பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது, டாக்டரம்மா. மருந்துக்கு வருகிறவர்களிடம் பேரும் ஊரும் கேட்பதில்லை. பரமத்தி பேருந்தில் வந்து இறங்குகிறாள் என்பது மட்டும் தெரியும். நீங்கள் எழுந்து நிற்க வேண்டியதில்லை, உட்காருங்கள். ஒரே ஒரு ஆளை வைத்து முடிவு சொன்னால் படித்தவர்கள் யாராவது ஒப்புக்கொள்வார்களா? இந்தப் பெண்ணுக்கும் அதே மாதிரி முடிந்துவிட்டால், நீங்கள் சொன்னதுதான் சரி என்று நானே என் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்.